மேடைக்கு எந்தக் கோட்டு: ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா?

மேடையில் பேசப் போகிறவர் ஒற்றை வரிசைப் பொத்தான் கோட்டையும் இரட்டை வரிசைக் கோட்டையும் ஒப்பிடும்போது, எழுவதற்கும் அமர்வதற்கும் எது தோதாக இருக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பொத்தான் கொண்ட ஒற்றை வரிசைக் கோட்டில் மேல் பொத்தானை மட்டும் போட்டுக் கீழ்ப் பொத்தானைத் திறந்து விடுவது மரபு. உட்காரும்போது அதையும் கழற்றிவிடலாம் என்பதால் குழு விவாத நாற்காலிக்கு இதுவே வசதி. மன்னர் மூன்றாம் சார்லஸ் விரும்பி அணியும் இரட்டை வரிசைக் கோட்டிலோ, முன்பக்கத் துணி ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பொத்தானைக் கழற்றினால் தொளதொளவென்று தொங்கும். அமர்ந்தாலும் பூட்டியே இருக்க வேண்டும், புழுக்கமும் கூடுதல். ஆனால், மேல்நோக்கிக் கூர்ந்த லேபலோடு (கழுத்திலிருந்து மார்பில் இறங்கும் கோட்டு மடிப்பு) நின்று பேசுகிறவருக்கு அது தரும் மிடுக்கு மற்றதில் வராது. ஒன்றுதான் தைக்க முடியுமென்றால், விருந்துக்கும் வரவேற்புக்கும் சேர்த்து, கருநீலத்தில் ஒற்றை வரிசையையே நான் பரிந்துரைப்பேன்.