பூச்சுள்ள கடதாசியா, வெறும் நீர்வர்ணக் கடதாசியா?

காலிமுகத்திடலில் மழைக்குச் சற்று முன் எடுத்த ஒரு சாம்பல் வானப் படம். அதைப் பெரிதாக அடித்து வெள்ளவத்தை வீட்டுச் சுவரில் மாட்டத்தான் தொடங்கினேன். பிரிண்டர் 13 அங்குல அகலத் தாள் வரை அடிக்கும், அதில் பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறத்துகள்கள் மிதக்கும் மை. இன்க்ஜெட்டுக்கென்றே பூச்சுப் பூசிய மட் (பளபளப்பில்லாத) கடதாசியிலும், ஓவியர்கள் வாங்கும், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பூச்சில்லாத நீர்வர்ணக் கடதாசியிலும் மாறி மாறி அடித்துப் பார்த்து, இப்போது இரண்டாவதோடு நிற்கிறேன்.

கூர்மை, நிறம், கறுப்பின் ஆழம் மூன்றிலும் பூச்சுள்ளதே மேல். வெறும் கடதாசியில் மை நாருக்குள் இறங்கிப் பரவும். கறுப்பு வெளிறி அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிடும். கலியாணப் படம், கூறைச் சேலையின் சிவப்பு என்றால் யோசிக்காமல் பூச்சுள்ளதை வாங்குங்கள்.

என் மனதை மாற்றியது கொழும்பின் ஈரம். பூச்சு ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தால் அடித்தாள் ஈரத்தைக் குடித்து விரியும், பூச்சுப் பக்கம் அந்த அளவுக்கு விரியாது, ஓரம் சுருளும். சுருண்ட மூலையில் பிரிண்டரின் ஹெட், அதாவது மை தெளிக்கும் தலை, உரசும். ஒரு ஜூன் மாலை மூன்று தாள் போட்டேன், மூன்றிலும் வலது மூலையில் விரல் நீளத்துக்குக் கறுப்பு இழுப்பு. தடித்த அகராதிக்கு அடியில் இரவு முழுக்க வைத்து நிமிர்த்தினாலும் அடுத்த மாலை பழையபடி. ஹெட் பழுதானால் ஆகும் செலவை நினைத்து பிரிண்டரை நிறுத்திவிட்டேன். நீர்வர்ணக் கடதாசிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். லேசாக நெளியும், ஒரு பக்கமாகச் சுருளாது. பிரிண்டர் அமைப்பில் (செட்டிங்கில்) தடித்த கடதாசி என்று கொடுத்தால் ஹெட் சற்று உயர்ந்து அந்த நெளிவையும் தாண்டிவிடும்.

இதிலும் கரைச்சல் இல்லாமலில்லை. நார்த்தூசு மைத்துளைகளை அடைக்கும்; அடிக்குமுன் மெல்லிய தூரிகையால் துடைக்கவேண்டும். சொரசொரப்பானதை விட்டு அழுத்தி மழமழப்பாக்கிய ரகத்தை எடுங்கள். மை பரவி படத்தின் இருண்ட பகுதிகள் அடைத்துக்கொள்வதால், திரையில் படம் கொஞ்சம் வெளிறித் தெரியும்வரை அவற்றின் வெளிச்சத்தை உயர்த்திவிடுவேன். வசதி என்னவென்றால் தாள் தாளாக வாங்கலாம். 22க்கு 30 அங்குல முழுத்தாளில் 13க்கு 22 ஆக இரண்டு துண்டு வரும். மிஞ்சும் 4 அங்குலக் கீலம் சோதனை அச்சுக்குச் சரி.

சுவரில் இருப்பவற்றுக்கு வயது இரண்டுதான், அதனால் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன். சாய மை (நிறம் நீரில் கரைந்திருக்கும் மை) பிரிண்டரில் ஒரே ஒரு முறை முயன்றேன், கோடுகள் இன்னும் அதிகமாகக் கசிந்தன. கடதாசியைப் பாதுகாப்பது தனி வேலை. ஜெலட்டின் ஏற்றிய தாளில் பூஞ்சணம் பிடிக்கும், மூடிய உறைக்குள் சிலிக்கா ஜெல் பொதியோடுதான் வைக்கிறேன்.

அப்பப்பாவின் முகத்தை மட்டும் வெறும் கடதாசியில் அடிக்க மனம் வரவில்லை, அதில் அவர் கண்கள் தெளிவில்லாமல் மங்கிப்போயின. அதைப் பூச்சுள்ளதில்தான் அடித்தேன், மழை குறைந்த பெப்ரவரியில்.