லீவில் போய் எடை குறைத்துக்கொண்டு வரலாமா?

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் ஊருக்குப் போகும்போது பல், கண், முழு உடல் பரிசோதனை என்று ஒரு பட்டியலோடுதான் விமானம் ஏறுகிறோம். இப்போது அதில் எடைக் குறைப்பும் சேர்ந்துவிட்டது. "ஒரு மாசம் லீவு போடு, ஸ்லீவ் பண்ணிக்கிட்டு வந்துடு" என்று எனக்கே நண்பர்கள் சொன்னார்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன். எனக்குச் சர்க்கரை உண்டு, குறட்டை உண்டு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 34. நான் இருக்கும் நாட்டில் இதற்கான காத்திருப்பு நீளம். சரி, செய்துகொள்கிறோமோ இல்லையோ, இந்த முறை போகும்போது நேரில் கேட்டுவிட்டாவது வரலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது உறவினர் ஒருவர் சிபாரிசு செய்த ஸ்லிம்மிங் சென்டர். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்தவர் டேப்பால் என் இடுப்பை அளந்தார், தொப்பையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், கொழுப்பை உறைய வைக்கும் மெஷின் ஒன்றைக் காட்டினார். சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை. அந்த மெஷின் பொய் இல்லை. வைத்த இடத்தில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அடுக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை மெலியும். ஆனால் தராசு முள் அசையாது. நம்மைப் படுத்துவது குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே உட்கார்ந்திருக்கும் கொழுப்பு. அதை மெஷின் தொடுவதே இல்லை. லைப்போசக்‌ஷனும் அப்படித்தான். சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்த பிறகும் இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றம் இல்லை என்று 2004-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. சட்டை அளவு குறைய வேண்டும் என்பவர்கள் போகட்டும், சர்க்கரைக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்து ஒரு பெரிய மருத்துவமனையின் உடல் பருமன் அறுவை சிகிச்சைப் பிரிவு. இங்கே நடந்ததே வேறு. காலையில் போன் செய்தேன், மறுநாளே சந்திப்பு. வெளிநாட்டில் மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவனுக்கு இது ஏதோ கனவு மாதிரி இருந்தது. எடை பார்த்ததும் முதலில் உட்கார வைத்தது டயட்டீஷியன் எதிரில், அப்புறம்தான் சர்ஜன்.

சர்ஜன் சொன்ன முதல் விஷயமே எனக்குப் புதிது. நான் இருக்கும் நாட்டில் என் மருத்துவர் "சர்க்கரை இருந்தாலும் பிஎம்ஐ 35 தாண்டினால்தான் ஆபரேஷன்" என்று சொல்லியிருந்தார். அது 1991-இல் அமெரிக்காவில் வகுத்த கணக்கு: நோய் இல்லாதவர்களுக்கு 40, கூடவே நோய் இருந்தால் 35. 2022-இல் இந்தத் துறையின் இரண்டு பெரிய சர்ஜன் சங்கங்கள் சேர்ந்து அதை மாற்றிவிட்டன. பொதுவாக 35, சர்க்கரை மாதிரியான நோய் இருந்தால் 30 முதலே யோசிக்கலாம், ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 27.5-லேயே பேசலாம் என்பது புதுக் கணக்கு. நம்மவர்களுக்கு மொத்த எடை அவ்வளவு ஏறுவதற்கு முன்பே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். வெளிநாட்டு கிளினிக்கில் "நீங்கள் இன்னும் அந்த அளவுக்கு இல்லை" என்று கேட்டுத் திரும்பியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு அவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஓர் இரைப்பை வரைந்தார். உணவுக்குழாயிலிருந்து கீழே ஒரு குறுகிய குழாய் மாதிரி கோடு இழுத்து, அதற்கு வெளியே உள்ள பகுதி முழுவதையும் சாய்கோடுகளால் நிரப்பினார். "இது எல்லாம் வெளியே வந்துடும் சார்." முக்கால் பங்குக்கும் மேல். அதுதான் ஸ்லீவ். வாய் வழியாக ஒரு ரப்பர் குழாயை அளவுக்காக உள்ளே விட்டு, அதை ஒட்டி ஸ்டேப்ளரால் வெட்டித் தைத்துக்கொண்டே போவார்களாம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால்தான் வயிறு சிறிதாவதோடு பசியும் அடங்குகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இன்னொரு ஆபரேஷன் இரைப்பை பைபாஸ். இதில் எதையும் வெட்டி வெளியே எடுப்பதில்லை. மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே சும்மா இருக்கும். இதில் ஒரு வியப்பான விஷயம்: எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். ஆகவே பழைய அளவிலேயே இன்சுலினைப் போட்டால் ஆபத்து. மருந்தை உடனே திருத்த ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இனிப்பை வேகமாக உள்ளே தள்ளினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று 'டம்ப்பிங்' வரும். வலிக்கு வாங்கிப் போடும் ஐபுபுரோஃபன் வகை மாத்திரைகள் பக்கமே போகக்கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டுக்கும் அதே கதை.

"நெஞ்செரிச்சல் உண்டா?" என்று கேட்டார். இரவில் உண்டு என்றேன். "அப்போ எண்டோஸ்கோபி பார்க்காமல் ஸ்லீவ் பத்திப் பேச வேண்டாம்" என்று அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலேறுவது அதிகமாகலாம், பைபாஸில் குறையும். ஊரில் எல்லாரும் "ஸ்லீவ், ஸ்லீவ்" என்று ஒரே மந்திரமாகச் சொல்லும்போது இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது எனக்குப் பிடித்தது.

கத்தி இல்லாத வழிகளையும் அதே கட்டடத்தில் கேட்டேன். பலூன் என்றால் எண்டோஸ்கோப் வழியாக உள்ளே இறக்கி, சுமார் அரை லிட்டர் உப்பு நீர் நிரப்புவது. வழக்கமாக 6 மாதம் இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள். அந்த நீரில் நீலச் சாயம் கலந்திருக்கும். பலூன் கசிந்தால் சிறுநீர் நீலமோ பச்சையோ ஆகும், உடனே ஓடி வர வேண்டும். முதல் மூன்று நாள் வாந்திக்குத் தயாராகத்தான் போக வேண்டும் என்று நர்ஸே சிரித்துக்கொண்டு சொன்னார். எடுத்த பிறகு எடை திரும்புவது சகஜம். வாய் வழியாகவே உள்ளே போய் இரைப்பையை மடித்துத் தைக்கும் முறையும் இருக்கிறது. ஸ்லீவ் மாதிரி வடிவம், ஆனால் எதையும் வெட்டுவதில்லை. பலன் ஸ்லீவை விடக் குறைவு. லீவில் வருகிறவர்களுக்கு இதைத்தான் அதிகம் பரிந்துரைப்பதாகத் தோன்றியது. சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்பதால் இருக்கலாம்.

எடை குறைக்கும் ஊசி பற்றி ஒரு ஹார்மோன் மருத்துவரிடம் தனியாகப் பேசினேன். செமாக்ளூடைட் வாரம் ஓர் ஊசி. 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. அது மாதிரி இன்னொரு வார ஊசியான டிர்செபடைட் 2022 ஆய்வில், அதிகபட்ச அளவில், 72 வாரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது. ஸ்லீவ், பைபாஸ் இரண்டும் பொதுவாக 25 முதல் 30 வரை போகும். ஆனால் செமாக்ளூடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி 2.4-க்குப் போகவே நான்கு மாதம் ஆகிவிடும். லீவில் தொடங்கி லீவிலேயே முடிக்கிற சமாச்சாரமே இல்லை. நிறுத்தினால் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பியதாக அந்த 2021 ஆய்வின் தொடர்ச்சி சொல்கிறது. குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. கணைய அழற்சி வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"ஊரிலிருந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போலி செமாக்ளூடைட் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனமே 2024-இல் எச்சரித்தது. திறக்காத ஊசிப் பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் குப்பைதான். விமானத்தில் சரக்காகப் போடும் பெட்டியில் அதை வைக்கவே கூடாது.

இத்தனையும் கேட்ட பிறகு என் சித்தி மகளைப் பார்க்கப் போனேன். சில வருடங்களுக்கு முன் ஸ்லீவ் செய்துகொண்டவள். நன்றாக இளைத்திருக்கிறாள், சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. ஆனால் நடுவில் ஒரு கட்டத்தில் வைட்டமின் மாத்திரைகளை விட்டுவிட்டாள். பாதம் மரத்துப்போய், செருப்பு நழுவிக் கழன்றதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறாள். பார்த்தால் பி12 அடிமட்டத்தில். ஊசி போட்டுச் சரி செய்திருக்கிறார்கள். "டேய், ஆபரேஷன் ஒண்ணும் பெரிய விஷயமில்லை. நல்லா இருக்கும்போது மாத்திரையை மறக்காமல் போடுறதுதான் பெரிய விஷயம்" என்றாள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும். ரத்தப் பரிசோதனை முதல் வருடம் சில முறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது. சில மாதங்களில் முடி கொட்டும், திரும்ப வளரும். பித்தக்கல் வரலாம். பெண்களாக இருந்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

இங்கேதான் நம் லீவுக் கணக்கு இடிக்கிறது. ஆபரேஷனுக்கு முன் கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் அளவான திரவ உணவு. பிறகு இரண்டு மூன்று நாள் வார்டு. அதன் பின் மறுபடி திரவம், கூழ், மென்மையான உணவு என்று வாரக்கணக்கில் படிப்படியாக. ஸ்டேப்ளர் கோட்டில் கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். அதே நேரத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயமும் அதிகம். நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்தால் அது இன்னும் கூடும். பேக்கேஜ் தாளில் 'ஒரு வருடத் தொடர் கவனிப்பு' என்று போட்டிருந்தார்கள். என்ன என்று கேட்டால், போனில் டயட்டீஷியன். நடுராத்திரி வயிறு வலித்தால் போனுக்குள்ளிருந்து யாரும் ஸ்கேன் எடுக்க முடியாது.

சர்ஜனிடம் இதை நேராகவே கேட்டேன். மனுஷர் மழுப்பவில்லை. "நீங்க உள்ளூர்க்காரரா இருந்தா அடுத்த வாரமே தேதி கொடுப்பேன். வெளிநாடுன்னா, அங்கே உங்களைப் பார்த்துக்கிறேன்னு ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். வியாபாரம் கைநழுவும் என்று தெரிந்தும் இதைச் சொல்கிறவரிடம் நம்பி உடம்பைக் கொடுக்கலாம் என்று பட்டது. தேதி தரத் துடித்த இன்னோர் இடத்தில் அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை.

போகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் அல்ல, ஆபரேஷன் குறிப்பும்தான். எந்த வகை பைபாஸ், குடலை எவ்வளவு நீளம் விட்டு இணைத்தார்கள், எந்த மருந்து நின்றது, எது குறைந்தது, அடுத்த ரத்தப் பரிசோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நான் கேட்டவுடன், அங்கே எனக்கு எடுத்த எண்டோஸ்கோபி படங்களையும் சேர்த்துப் போனுக்கே அனுப்பிவிட்டார்கள். இந்த விஷயத்தில் ஊர் மருத்துவமனைகள் வேகம்தான்.

அந்த எண்டோஸ்கோபியில் எனக்குச் சிறிய ஹயாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்பகுதி கொஞ்சம் நெஞ்சுக்குள் ஏறியிருப்பது தெரிந்தது. இரவு நெஞ்செரிச்சலுக்குக் காரணம் அதுதானாம். ஆகவே ஸ்லீவ் எனக்கு ஒத்துவராது, செய்தால் பைபாஸ். திரும்பி வந்ததும் அந்த ரிப்போர்ட்டையும் சர்ஜனின் கடிதத்தையும் என் மருத்துவர் மேஜையில் வைத்தேன். அவர் 2022 கணக்கைப் படித்துவிட்டு, முன்பு தராத சிபாரிசுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். இங்கேயே காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறேன். அது வரை ஊசி, அதுவும் அவர் கண்காணிப்பில்.