சொந்த மனை, சமத்துவபுரம், மனைப்பிரிவு: கிராமத்துக்கு எது பொருந்தும்?

கிராமப்புற மாவட்டங்களில் புது வீடுகள் இன்று மூன்று வழிகளில் வருகின்றன. அவரவர் மனையில் அரசு தரும் பணத்தில் கட்டிக்கொள்வது ஒன்று. அரசே ஓரிடத்தில் மொத்தமாகக் கட்டித் தருவது இன்னொன்று. நமக்கு நன்றாகத் தெரிந்த சமத்துவபுரம் அந்த வகை. மூன்றாவது, வயலில் கல் நட்டுக் கலர் கொடி கட்டி விற்கும் மனைப்பிரிவு. எல்லோரும் சதுர அடியையும் தொகையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எனக்கு முதல் கேள்வி தண்ணீர். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும்?

சொந்த மனையில் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. கணக்குப் போட்டால் சதுர அடிக்கு 972 ரூபாய்தான் வருகிறது. வீட்டு ஆட்களே சித்தாள் வேலை பார்த்தாலும் அந்தத் தொகைக்குள் முடிப்பது கஷ்டம். அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் வருவதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலில் கையிலிருந்து போட வேண்டும். நகை அடகுக்குப் போவது அங்கேதான்.

ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தெரு, மின்கம்பம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. மாட்டுக் கொட்டில் கண் பார்வையிலேயே இருக்கும். அடுப்படி எந்த மூலையில் என்பதைக் கட்டுகிறவர்களே முடிவு செய்கிறார்கள்.

குறை என்னவென்றால், இதற்குப் பட்டா வேண்டும். குளத்தங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்குத்தான் வீடு மிக அவசரம், அவரிடம் பட்டா இல்லை. அப்புறம், ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்ற பழைய பிரிவு அப்படியே கான்கிரீட்டாக மாறி நிற்கும்.

இந்த இரண்டு குறைகளுக்கும் பதில் சொல்ல வந்ததுதான் சமத்துவபுரம். தென் மாவட்டங்களில் சாதி மோதல்கள் கொந்தளித்த 1997-ல் அறிவிக்கப்பட்டு, முதல் குடியிருப்பு 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்துக்கு 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. ஒரே சாதிக்காரர்கள் ஒரே வரிசையில் சேராதபடி கலந்து ஒதுக்கீடு. எல்லோருக்கும் ஒரே சமுதாயக்கூடம், ஒரே சுடுகாடு. செத்த பிறகும் பாதைக்காகச் சண்டை நடக்கிற ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் கனம் புரியும். இதைவிடத் துணிச்சலான ஊரக வீட்டுத் திட்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வசதி செய்து தருவதும் இதில் எளிது. 100 வீட்டில் 450 பேர் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். மொத்தம் 24,750 லிட்டர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று போதும். வீடு எழும்பும் முன்பே வடிகால் போட்டுவிடலாம். பழைய ஊரில் அதையே செய்ய வேண்டுமானால் தெருவைத் தோண்ட வேண்டும், வாசற்படிகளை இடிக்க வேண்டும், ஒவ்வொரு வீட்டோடும் பேச வேண்டும்.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு 5 சென்ட் என்றால் மனைகளுக்கே 5 ஏக்கர். தெரு, பூங்கா, கூடம் சேர்த்தால் இன்னும் கூடும். அவ்வளவு அரசு நிலம் ஒரே துண்டாக ஊருக்கு வெளியே தள்ளித்தான் கிடைக்கும். பேருந்து வராத இடத்தில் வீடு கொடுத்தால், வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் நடந்துதான் ஊருக்கு வர வேண்டும். பராமரிப்பும் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 2021-க்குப் பிறகு 149 சமத்துவபுரங்களைச் சீரமைக்க 190 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டி வந்தது.

சரி, மனைப்பிரிவு? இதற்கு யாரும் பயனாளிப் பட்டியல் போடுவதில்லை. பணம் இருப்பவர் வாங்குகிறார். சட்டம் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டமும் வந்தது. ஆனால் விற்றவர் போன பின் தெருவிளக்கும் குப்பையும் ஊராட்சியின் தலையில்தான். பாதி மனைகள் முதலீடாகப் பூட்டிக் கிடக்க, எங்கோ நாலு வீட்டுக்காக ஊராட்சி அரை கிலோமீட்டருக்குக் குழாய் இழுக்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கொடுமை, பாசன வாய்க்கால் மேடாகிவிடுவது. மேலே உள்ள வயலில் தண்ணீர் தேங்கும், கீழே உள்ள வயல் காயும். அடுத்த வருஷம் அந்த இரண்டு வயல்களும் பிளாட் ஆகும். இதை வளர்ச்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

என்னைக் கேட்டால், பட்டா உள்ளவர்களுக்குச் சொந்த மனையிலேயே வீடு, தொகையை மட்டும் கூட்டித் தர வேண்டும். மனை இல்லாதவர்களுக்குச் சமத்துவபுரத்தின் கலப்பு ஒதுக்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, 100 வீட்டுக்குப் பதில் 20, 30 வீடுகளாகச் சின்னதாகக் கட்டலாம். அந்த அளவுக்கான ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் பல ஊர்களில் நத்தத்தை, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தை, ஒட்டியே கிடைக்கும். பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் கை வைக்கக் கூடாது. தனியார் மனைப்பிரிவு வாய்க்காலைத் தொடாத புன்செய்க்கு மட்டும்.

அந்த ஒன்றரை ஏக்கர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு கிராம வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.