மேரா மேல்முகாம்: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், வாடகை ஸ்லீப்பிங் பேக்குக்கு இல்லை

தண்டையார்பேட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு நீண்ட விடுமுறை என்றால் அது மே மாதம்தான். காசிமேட்டில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் என் தோழிக்கும் அதுவே தோதான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸுக்கும் அவ்வளவாகத் தேவை இருக்காது. இருவருக்கும் ஒருசேரக் கிடைத்த அந்த நாட்களில் நேபாளத்தின் மேரா சிகரத்துக்குப் புறப்பட்டு, அதன் மேல்முகாம் வரை சென்று திரும்பினோம். எங்களை அழைத்துச் சென்றது காத்மாண்டுவின் தமேல் பகுதியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சிறிய வழிகாட்டி நிறுவனம். நிறையோடு குறையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். என்றாலும், கடல்மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மவர்கள் இத்தகைய சேவையை அமர்த்தும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இந்த அனுபவம் எங்களுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தது.

மேராவின் உயரம் 6,476 மீட்டர். நேபாள மலையேற்றச் சங்கம் அனுமதிச் சீட்டு வழங்கும் 'ட்ரெக்கிங் சிகரங்களில்' மிக உயர்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. செங்குத்தாக ஏற வேண்டிய பனிச்சுவர்கள் அதிகம் இல்லை. ஆனால் மேரா லா கணவாயைத் தாண்டியதும் பாதை முழுவதும் பனியாற்றின் மேல்தான் செல்கிறது. 1953 மே 20 அன்று, எவரெஸ்ட் உச்சியில் மனிதர் கால்வைப்பதற்கு ஒன்பது நாட்கள் முன்னதாக, ஜிம்மி ராபர்ட்ஸும் சென் டென்சிங்கும் இதில் முதன்முதலாக ஏறினார்கள். அந்த ராபர்ட்ஸ்தான் 1964இல் நேபாளத்தின் முதல் ட்ரெக்கிங் நிறுவனத்தைத் தொடங்கியவர். இன்று நாம் பணம் கட்டி அமர்த்திக்கொள்ளும் இந்தத் தொழிலே அவரிடமிருந்து தொடங்கியது என்பதால் அவரை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம்.

கோரக்பூர் வரை ரயில், சோனௌலி எல்லை, காத்மாண்டு வரை பேருந்து என்று போன பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. வாக்காளர் அட்டையே போதும். ட்ரெக்கிங் பருவத்தின் உச்சத்தில், நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து அல்லாமல், சாலை வழியே பல மணி நேரம் தள்ளியிருக்கும் ராமேச்சாப்பிலிருந்து புறப்படுகின்றன. அதற்காக நள்ளிரவில் எங்களை எழுப்பி வண்டியேற்றியது முதல் லுக்லாவில் சுமைகளை எடை போட்டுப் பிரித்தது வரை நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஒரு பிசகும் இல்லை.

குறை பயணத்திட்டத்தில் இருந்தது. காகிதத்தில் அவர்கள் எழுதித் தந்தபடி, ஏறத்தாழ 5,050 மீட்டர் உயரத்திலுள்ள காரே என்ற தங்குமிடத்தில் ஒரே இரவு. மறுநாளே, சிகரத்துக்கு முந்தைய கடைசி முகாமான, 5,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவான மேல்முகாம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மிகாமல்தான் அடுத்த இரவின் உறக்கம் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது உயர்மலை மருத்துவத்தின் அடிப்படை அறிவுரை. காரேவிலிருந்து மேல்முகாமுக்கான ஏற்றம் அதை ஒரே மூச்சில் 700 மீட்டருக்கு மேலாக்கிவிடுகிறது. இடையில் வேறு தங்குமிடம் வைக்க இயலாவிட்டால், காரேவிலாவது கூடுதல் நாட்கள் இருக்க வேண்டும். நாங்கள் இதைக் கேட்டபோது தமேல் அலுவலகத்தில், "எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்" என்றார்கள். எல்லோரும் போகிறார்கள் என்பதை ஒரு விடையாக நான் ஏற்கமாட்டேன்; என் வகுப்புப் பிள்ளைகள் சொன்னாலும் ஏற்பதில்லை.

அந்தக் குறையைச் சரிசெய்தவர் எங்கள் வழிகாட்டி. நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று அழைப்பார்கள். உச்சரிப்பு வேறு என்றாலும் தமிழில் எழுதிப் பார்த்தால் அம்மாவாகத்தான் தெரிகிறது. பதினைந்து நாட்கள் அவரை அப்படி அழைத்தபின் அந்த எழுத்துப் பொருத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்களை அவர் 'தீதி' என்பார், அதாவது அக்கா. கோத்தேயைக் கடந்து ஹிங்கு பள்ளத்தாக்கில் நடக்கும்போதே நாங்கள் மூச்சு வாங்குவதைக் கவனித்திருந்த அவர், காரேவில் இறங்கியதும் ஒரு நாளைக் கூட்டினார்; அதற்காகக் கடைசியில் தனிக் கட்டணம் எதுவும் கேட்கப்படவில்லை. அதற்கு முன்பே, வழியிலுள்ள தங்னாக்கில், 1998இல் உடைப்பெடுத்துப் பள்ளத்தாக்கையே அரித்துச் சென்ற பனியாற்று ஏரியைக் காட்டுவதாகச் சொல்லி எங்களைக் கொஞ்சம் உயரம் ஏற்றி, இருட்டும் முன் கீழே அழைத்து வந்தார். ஏரியைப் பார்த்தோம், உடம்பும் உயரத்துக்குப் பழகியது.

காரேவில் தங்கிய கூடுதல் நாள் முழுவதும் பயிற்சி. பனியில் கால் பதிய, காலணிக்கு அடியில் மாட்டும் முள்தட்டான கிராம்பானை எப்படிக் கட்டுவது, பாதத்தைத் தட்டையாக வைத்து எப்படி மிதிப்பது, விழுந்தால் பனிக்கோடரியை எப்படி ஊன்றுவது என்று ஒவ்வொன்றையும் எங்கள் கைகளாலேயே செய்ய வைத்தார். கயிற்றில் சுற்றினால் பாரம் விழும்போது இறுகியும், பாரம் நீங்கியதும் நகர்ந்தும் கொடுக்கும் புரூசிக் முடிச்சைக் காட்டினார். நான் நான்கு முறை தவறாகப் போட்டேன். வலை பின்னும் வீட்டில் வளர்ந்த என் தோழி ஒருமுறை பார்த்துவிட்டு, கையுறையோடேயே போட்டு இழுத்துக் காட்டினாள். 'தாய்' அந்த முடிச்சை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் கயிற்றின் கடைசி ஆளாக அவளை நிறுத்தினார்.

மேல்முகாமுக்கான ஏற்றம் எங்களுக்கு ஏழு மணி நேரம் பிடித்தது. மேரா லா 5,415 மீட்டர். அங்கிருந்து மூவரும் ஒரே கயிற்றில், பனி மூடிய பிளவுகள் இருக்கலாம் என்பதால் இடைவெளி விட்டு, கயிறு தரையில் தொய்ந்து கிடக்காதபடி நடந்தோம். "பிஸ்தாரை, பிஸ்தாரை", மெதுவாக, மெதுவாக என்பதைத் தவிர அவர் அதிகம் பேசவில்லை. அவர் வைத்த நடை எவ்வளவு மெதுவானது என்றால், முதல் அரை மணி நேரம் எனக்குப் பொறுமையே இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் அதைவிட வேகமாக ஓர் அடிகூட என்னால் வைக்க முடியாது என்று புரிந்தது. காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அங்கே தண்ணீர் 80 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் சமையல்காரர் பிரஷர் குக்கரைச் சுமந்து வந்து, பனியை உருக்கி, சோறும் பருப்பும் குழைய வேகவைத்துக் கொடுத்தார். உணவுக்கும் முழு மதிப்பெண்.

கூடாரங்கள் பனியின் மேல் அல்லாமல், காற்றை மறைக்கும் பாறைத் திட்டின் அடியில் இருந்தன. எதிரே மக்காலு சிகரம். குறைகளில் பெரியது இங்கேதான் தெரியவந்தது. நிறுவனம் சொன்ன கடையில் வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்கின் மேல் 'மைனஸ் 30' என்று கையால் எழுதிய அட்டை தொங்கியது. அதை நம்பி எடுத்தோம். இரவில் குளிரில் விழித்து, தலைவிளக்கின் ஒளியில் உள்தையலில் இருந்த சிறு துணிச் சீட்டைப் படித்தேன். அதில் மூன்று எண்கள் இருந்தன: மைனஸ் 5, மைனஸ் 12, மைனஸ் 30. ஐஎஸ்ஓ 23537 தரப்படி முதல் எண்தான் ஒரு சராசரிப் பெண் குளிராமல் உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடியது. மூன்றாவது, உடல் விறைத்துப்போகும் ஆபத்தோடு ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிர் தாங்கக்கூடிய எல்லை. அந்த மூன்றாவது எண்ணைத்தான் கடை அட்டையில் எழுதி மாட்டியிருந்தது. இதை நான் சிறு தவறாகக் கருதவில்லை. வெளியே மைனஸ் 13. இருவரும் ஒட்டிப் படுத்து, காலணியின் உள்ளுறை, வெந்நீர் பாட்டில், கைப்பேசி எல்லாவற்றையும் பைகளுக்குள் வைத்துக்கொண்டோம். எங்கள் மூச்சே கூடாரத்தின் உட்புறத்தில் உறைந்து, துணி அசையும்போதெல்லாம் முகத்தில் தூளாக உதிர்ந்தது. "எங்க மெஷின்ல அரைக்கிற மாதிரியே இருக்குடி" என்றாள் தோழி. அவளுக்கு அப்போதே தலைவலி தொடங்கியிருந்தது.

ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் 'தாய்' எங்கள் கூடாரத்துக்கு வந்தார். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் எனக்கு 79 சதவீதம், அவளுக்கு 70. வாந்தி எடுத்தாளா, நேராக நடக்கிறாளா, கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறாளா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு மணிக்குச் சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒன்றரைக்கு வந்தவர், தீதி கிளம்பப் போவதில்லை, விடிந்ததும் கீழே இறங்குகிறாள் என்றார். எனக்கு உதவி வழிகாட்டியோடு போகும் வாய்ப்பைக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றதற்கும் ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லை. சிகரம் தொட்டால்தான் நிறுவனத்துக்குப் பெயர் என்ற எண்ணம் அவர் முகத்தில் எங்கேயும் தெரியவில்லை.

விடியலில் மக்காலுவின் ஒரு விளிம்பு மட்டும் சிவந்து, பிறகு எவரெஸ்ட், லோட்சே என்று ஒளி பரவியதைக் கூடார வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். ஆறரைக்கு இறங்கத் தொடங்கினோம். மேரா லாவில் அவள் பிஸ்கட் கேட்டாள். காரேவில் தலைவலி இல்லை.

இந்த நிறுவனத்தை நான் பரிந்துரைக்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. காரேவில் குறைந்தது இரண்டு இரவுகள் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை உங்களுடையதாகக் கொண்டுபோங்கள். வாடகைதான் என்றால் வெளியே தொங்கும் அட்டையை விட்டுவிட்டு உள்தையலைப் புரட்டி, முதல் எண் மைனஸ் 15க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்ததும் துணிச் சீட்டின் படத்தோடு அலுவலகத்துக்கு எழுதினேன். வாடகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அட்டையை மாற்றச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசுவதாகவும் எழுதியிருந்தார்கள். மாற்றிவிட்டார்களா என்று அடுத்த மாதம் மீண்டும் கேட்கப்போகிறேன்.