வலி நின்றபோது காத்திருந்த விடுதி: மலையகத்துப் பிரசவ சேவை ஒன்றின் மதிப்பீடு

நுவரெலியா மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இயங்கும் அரச வைத்தியசாலை ஒன்றின் மகப்பேற்று விடுதியைப் பற்றி எழுதுகிறேன். என் தங்கையின் முதல் பிரசவத்தில் அவளுக்குத் துணையாக உள்ளே இருந்தவள் என்ற முறையில், பிரசவ வலி இடையில் நின்றுபோகும் வேளைகளில் அந்த விடுதி எப்படி நடந்துகொண்டது என்பதையே முதன்மையாக மதிப்பிட விரும்புகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு பிரசவ விடுதியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது, பெரும்பாலும் அங்கே ஏச்சு வாங்கினார்களா இல்லையா என்பதை வைத்துத்தான். அது நியாயமான அளவுகோல். ஏச்சு விழும் தருணங்களைக் கவனித்தால், அவற்றில் பல வலி தணிந்து, பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் நடவாததுபோல் தோன்றும் நேரங்களாகவே இருக்கின்றன. நிறையோடு குறையையும் சொல்லப்போவதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

தோட்டத்து லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் குண்டும் குழியுமான பாதையில் ஆட்டோவில் வரும்போதுகூடத் தங்கைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வலி வந்துகொண்டிருந்தது. வைத்தியசாலையில் பெயர் பதிந்து, உடை மாற்றி, முன்பின் தெரியாத ஒருவர் உள்பரிசோதனை செய்து முடிப்பதற்குள் அந்த வலி ஏறக்குறைய அடங்கிவிட்டது. வீணாக வந்துவிட்டோமோ, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவள் அழத் தொடங்கினாள். அப்போது கடமையில் இருந்த மருத்துவமாது, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில்தான் இந்த விடுதிமீது எனக்கு நம்பிக்கையை ஏற்படுத்தியது. “மலை ஏறுறப்ப நடுவுல நின்னு மூச்சு வாங்கிட்டுத்தானே ஏறுவீங்க? அப்படித்தான் இதுவும். புள்ள நல்லா இருக்கு. போய்ப் படு, இல்லாட்டி நட. சாப்பிடணும்னா சாப்பிடு தங்கச்சி.” கருப்பை வாய் மூன்று சென்ரிமீற்றர்தான் திறந்திருந்தது. அவளைப் பிரசவ அறைக்குள் தள்ளாமல், கர்ப்பிணிகள் தங்கும் பகுதியிலேயே இருக்கவிட்டார்கள். வலியை வரவழைக்கும் சேலைன் பற்றிய பேச்சே எழவில்லை.

இடம் மாறியதும் வலி அடங்குவது கற்பனையன்று. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்சிடோசின், பெண் பாதுகாப்பாகவும் அந்நியர் பார்வைக்கு அப்பாலும் இருப்பதாக உணரும்போது நன்றாகச் சுரக்கும். அச்சமும் பதற்றமும் மிகும்போது சுரக்கும் அட்ரினலினோ கருப்பைத் தசையைத் தளர்த்தும் தன்மை உடையது. 1978ஆம் ஆண்டு ரெஜினா லெடர்மனும் அவரது குழுவினரும் முதற்பிரசவப் பெண்களிடையே செய்த ஆய்வில், பதற்றமும் இரத்தத்தில் அட்ரினலின் அளவும் கூடியிருந்த பெண்களிடம் கருப்பையின் சுருக்கம் தளர்ந்தும், பிரசவம் நீண்டும் இருந்தமை பதிவாகியது. பிரசவத்தின் தொடக்கக் கட்டத்தில் வலி வந்து, சில மணிநேரம் விட்டு, மீண்டும் வருவது இயல்பாகவே நிகழ்கிறது என்பதும், அறிமுகமற்ற இடமும் முகங்களும் அந்த இடைவெளியை நீட்டக்கூடும் என்பதும் தெரிந்த ஒருவர் வாசலில் இருந்தால், பெண்ணின் அழுகை அங்கேயே பாதி குறைந்துவிடும்.

இந்த விடுதியின் பொறுமையை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1950களில் அமெரிக்க வைத்தியர் இமானுவேல் ஃபிரீட்மன் பிரசவ முன்னேற்றத்தை ஒரு வளைகோடாக வரைந்தார். 1972இல் ஃபில்பொட், காசில் என்ற இருவர் ஆபிரிக்காவில் உருவாக்கிய பிரசவ வரைபடம், கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் திறக்கும் என்ற வேகத்தை எச்சரிக்கைக் கோடாக வைத்தது. தூரத்துக் கிராமங்களிலிருந்து சிக்கலான பிரசவங்களை நேரத்தோடு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கு அந்தக் கோடு உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் காலப்போக்கில் பல நாடுகளின் பிரசவ அறைகளில் அது, அனுப்பிவைப்பதற்கான அடையாளம் என்ற நிலையிலிருந்து, எட்டியே ஆகவேண்டிய வேகமாக மாறிவிட்டது. கோட்டைவிடச் சற்றுப் பின்தங்கினாலே சேலைன் ஏறும். 2010இல் ஜுன் ஷாங் குழுவினர் அமெரிக்க வைத்தியசாலைகளில் 62,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவப் பதிவுகளை ஆராய்ந்து, நான்கிலிருந்து ஐந்து சென்ரிமீற்றருக்கு வர ஆறு மணிநேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டும் நலமாகப் பெற்றெடுத்தவர்கள் உண்டு எனக் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில், கருப்பை வாய் விரைந்து திறக்கும் முனைப்பான கட்டம் ஐந்து சென்ரிமீற்றரில்தான் தொடங்குகிறது என்றும், மணிக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவு என்பதை மட்டும் காரணமாகக் கொண்டு தலையிடக்கூடாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. காகிதத்தில் இருக்கும் இந்த அறிவுரை, மழை பெய்யும் ஓர் இரவில், ஆள் பற்றாக்குறையோடு இயங்கும் ஒரு மலையக விடுதியில் கடைப்பிடிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்தது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது.

இனி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசவ அறையில் கட்டில்களுக்கு இடையே துணித்திரை இருக்கிறது. திரை முழுமையாக மூடாது. ஆனாலும் அது இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. இரவு நேரத்தில் எங்கள் பக்கத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மூலையில் இருந்த சிறு விளக்கை மட்டும் எரியவிட்டார்கள். பரிசோதிக்கும்போது மட்டும் பெரிய விளக்கு எரிந்தது. இது அந்த மருத்துவமாதின் தனிப்பட்ட பழக்கமா, விடுதியின் நடைமுறையா என்று கேட்டபோது, கட்டில்கள் நிறைந்திராத இரவுகளில் அப்படிச் செய்வது வழக்கம் என்றார். பிரான்சின் பித்திவியே அரச வைத்தியசாலையில் 1970களில் வைத்தியர் மிஷேல் ஒடென், பிரசவ அறையை மங்கிய வெளிச்சமும் வீட்டுச் சாயலும் உடையதாக மாற்றியதைப் பலரும் புதுமையாகப் பேசினார்கள். இருட்டில் சுரக்கும் மெலடோனின் கருப்பைத் தசையில் ஒக்சிடோசினோடு சேர்ந்து வேலை செய்வதைப் பின்னாளில் ஆய்வுகூட ஆராய்ச்சிகளும் காட்டின. எங்கள் தோட்டங்களில் மருத்துவிச்சி வீட்டுக்கு வந்த காலத்தில், லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அந்தக் காலத்து ஆபத்துகள் எதுவும் திரும்பி வரவேண்டாம். அந்த வெளிச்சத்தின் அளவை மட்டும் இன்றைய அறைக்குள் கொண்டுவர எந்தச் செலவும் இல்லை.

குளிரைப் பற்றிச் சமவெளியில் இருப்பவர்கள் யோசிக்கமாட்டார்கள். மலையகத்தில் டிசெம்பர், ஜனவரி இரவுகளில் மெல்லிய வைத்தியசாலை உடையோடு ரெக்ஸின் விரித்த கட்டிலில் படுத்திருப்பது உடலை விறைக்க வைக்கும். விறைக்கும் உடலும் அட்ரினலினைச் சுரக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன கம்பளியையும் காலுறையையும் பயன்படுத்த அனுமதித்தார்கள். சுடுதண்ணீர் போத்தலை நிரப்பித் தந்தார்கள். இவை நிறைகள். குறை என்னவென்றால், பிரசவ அறையின் கதவு நேராக நடைபாதையைப் பார்த்திருக்கிறது. தள்ளுவண்டி போகும்போதெல்லாம் அது திறக்கிறது. திறந்தவுடன் குளிர்காற்றும் அந்நியர் பார்வையும் ஒருசேர உள்ளே வருகின்றன. நடந்தால் வலி கூடிவந்த தங்கைக்கு, கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்த பிறகு அடுத்த வலி வரத் தாமதமானதை நான் கவனித்தேன். கதவுக்கு முன்னால் ஒரு மறைப்புத் தட்டி வைத்தால் போதும்.

மொழியும் சுற்றுச்சூழலின் ஒரு பகுதிதான். நுவரெலியா மாவட்டத்தின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். இருந்தும் அந்த விடுதியில் தமிழ் பேசும் பணியாளர்கள் ஒருசிலரே. இரவுக் கடமையில் தமிழ் மருத்துவமாது இருந்தது எங்கள் நல்வாய்ப்பு. காலையில் கடமை மாறியதும், அன்பாகவே பேசினாலும் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் வந்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதி புரியாமல் தங்கையின் முகம் மீண்டும் இறுகியது. நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். என்னைப்போல் சிங்களம் தெரிந்த துணை இல்லாத ஒரு கொழுந்து பறிக்கும் பெண், மூச்சை விடு, முக்காதே, திரும்பிப் படு என்ற சொற்களையாவது தன் மொழியில் கேட்க வேண்டும். சிங்களப் பணியாளர்கள் சிலர் அந்தச் சொற்களைத் தமிழில் கற்றுவைத்திருந்தார்கள். அந்த முயற்சியை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு கடமை முறையிலும் தமிழ் தெரிந்த ஒருவராவது இருப்பதற்கு அது ஈடாகாது.

பெண் துணை ஒருவரை அனுமதிப்பதே இந்த விடுதியின் மிகப் பெரிய சிறப்பு. திரைக்குள்ளேயே இருக்க வேண்டும், கைத்தொலைபேசியை எடுக்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் நியாயமானவை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 26 ஆய்வுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைப் பார்த்து, பிரசவம் முழுவதும் துணை கிடைத்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைவதையும், சிசேரியன் தேவை குறைவதையும், இயல்பான பிரசவம் கூடுவதையும் கண்டறிந்தது. முதுகை நீவிவிட ஒரு கை, தேத்தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் இருப்பதன் விளைவு இது.

இரண்டாவது இடைவெளி, கருப்பை வாய் முழுமையாகத் திறந்த பிறகு வந்தது. இதைப் பற்றி எங்களில் பலருக்குத் தெரியாது. தலை கருப்பை வாயைக் கடந்து கீழே இறங்கியதும், கருப்பை தன்னைச் சுருக்கிக்கொண்டு குழந்தையின் உடலை மீண்டும் இறுகப் பற்றுவதற்குச் சிறிது நேரம் எடுக்கலாம். அந்நேரத்தில் வலி தணியும். முக்கும் உந்துதலும் இராது. தங்கை அரை மணிநேரத்துக்குக் கிட்டத்தட்ட கண்ணயர்ந்தாள். என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வேறொரு விடுதியில் இதே நிலை வந்தபோது, வலி இல்லாமலேயே முக்கச் சொல்லி அதட்டியிருக்கிறார்கள். உண்மையில் முக்க வேண்டிய நேரத்தில் அவளிடம் தெம்பு மிஞ்சவில்லை. இங்கே அப்படி நடக்கவில்லை. இளம் வைத்தியர் ஒருவர் வந்து ஏன் முக்கவில்லை என்று கேட்டார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, தாய்க்கு இன்னும் உந்துதல் வரவில்லை என்று தாதி சொன்னதும், அவரும் ஒத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வலி திரும்பியபோது யாரும் சொல்லாமலேயே அவள் முக்கத் தொடங்கினாள். கடைசிக் கட்டத்தில் மல்லாந்து படுப்பதைத் தவிர வேறு நிலைக்கு இடம் தரவில்லை என்பது இங்கே எனக்குள்ள வருத்தம். முதற்கட்டம் முழுக்க நடக்கவும் உட்காரவும் விட்டவர்கள், இறுதியில் ஒருக்களித்துப் படுக்கவாவது விட்டிருக்கலாம்.

எல்லா இடைவெளியும் இயல்பானதல்ல என்பதையும் எழுதாவிட்டால் இந்த மதிப்பீடு தவறான வழியைக் காட்டிவிடும். பன்னீர்க்குடத்து நீர் பச்சை நிறமாக வெளியேறினாலோ, இரத்தம் போனாலோ, தாய்க்குக் காய்ச்சல் கண்டாலோ, குழந்தையின் துடிப்பு மாறினாலோ காத்திருத்தல் ஆபத்து. முன்பு சிசேரியன் செய்தவர்களுக்கு வலி திடீரென நிற்பதும் அவசர நிலையாக இருக்கலாம். சேலைனும் சத்திரசிகிச்சையும் அத்தகைய நேரங்களில் உயிர் காப்பவை. இந்த விடுதி காத்திருந்தது என்றால், கைகட்டிக்கொண்டு இருந்தது என்று பொருளல்ல. முதற்கட்டத்தில் அரை மணிநேரம் தாண்டாமல் துடிப்பைக் கேட்டார்கள். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எழுதினார்கள். கவனித்துக்கொண்டே காத்திருப்பதற்குத்தான் அதிக ஆட்களும் அதிகத் திறமையும் தேவைப்படுகின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் எதுவும் இல்லை. கழிப்பறை சுத்தம், ஆனால் பிரசவ அறையிலிருந்து தூரம். உணவு போதுமானது. பகல் வேளையில் கூட்டமும் இரைச்சலும் இரவைப்போல் இருமடங்கு என்று தோன்றியது. நான் புகழ்ந்த மங்கிய வெளிச்சமும் அமைதியும் பகலில் கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

இங்கே போக எண்ணுபவர்கள், துணைக்கு வருபவரைப் பற்றி மாதாந்தக் கிளினிக்கிலேயே கேட்டு, கர்ப்பிணி அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். வைத்தியசாலைக்குக் கிட்டத்தில் இருப்பவர்கள் சிக்கலில்லாத முதல் பிரசவமானால், எப்போது வரலாம் என்று அவரிடமே கேட்டு, தொடக்கக் கட்டத்தின் பெரும்பகுதியை வீட்டின் சூட்டிலேயே கழிக்கலாம். மேல் டிவிசன்களில் இருப்பவர்களும், மழைக்கு மண்சரிவு வரும் பாதையை நம்பியிருப்பவர்களும் அப்படிக் காத்திருக்காமல் முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வந்த பிறகு வலி நின்றால் பயப்பட வேண்டாம். கம்பளி, காலுறை, சுடுதண்ணீர் போத்தல், சிங்களம் தெரிந்த ஒரு பெண் துணை ஆகிய நான்கையும் கொண்டுவாருங்கள்.