ஒரே பெயர், இரண்டு பாக்கெட்: கடைப்பெயரைக் காக்க எந்த வழி கைகொடுக்கும்?

மேசைமேல் இரண்டு இட்லிப்பொடி பாக்கெட்டுகள். இரண்டும் 100 கிராம். அதே இலைப்பச்சை நிறம், அதே மூலையில் அதே வாழையிலைப் படம், அதே வளைந்த எழுத்து. ஒன்றில் மட்டும் பெயருக்கு மேலே கடுகளவில் 'நியூ' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த அக்கா வீட்டிலேயே பொடி அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறவர். "எம்பேரு ஜி.எஸ்.டி.ல இருக்கு, ஃபுட் லைசென்ஸ்ல இருக்கு. அப்புறம் எப்படி தம்பி இவன் போடலாம்?" என்றார்.

ட்ரேட்மார்க் விண்ணப்பம் போட்டுத் தரும் வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். 'நியூ', 'ஸ்ரீ', 'ஒரிஜினல்' என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கொள்வது நம் ஊரில் அவ்வளவு சகஜமாகிவிட்டது.

முதலில், காப்பு என்று பலரும் நம்பிக்கொண்டிருப்பவற்றைத் தள்ளிவைத்துவிடலாம். ஜி.எஸ்.டி. பதிவு வரிக்காக. உணவு உரிமம் சுகாதாரத்துக்காக. இரண்டும் பெயர்மேல் எந்த உரிமையையும் தருவதில்லை. சிறுதொழில் என்று அரசிடம் பதிந்து வாங்கும் உத்யம் சான்றிதழும் அப்படித்தான். ஆனால் அது கையில் இருந்தால் ட்ரேட்மார்க் கட்டணம் பாதியாகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே எடுத்து வைக்கலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவே பதிந்துவிட்டால்? அதுவும் போதாது. உங்கள் கம்பெனிப் பெயர் தன் ட்ரேட்மார்க்கைப் போல இருக்கிறது என்று அதைப் பதிந்து வைத்திருப்பவர், கம்பெனி தொடங்கிய மூன்று ஆண்டுக்குள் அரசிடம் முறையிடலாம். உத்தரவு வந்தால் மூன்று மாதத்தில் பெயரை மாற்றியாக வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வது இது.

ஆக, உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான். பதியாமலே பெயரைப் பயன்படுத்திப் பேர் வாங்கி, எவராவது காப்பியடித்தால் 'பாசிங் ஆஃப்' வழக்குப் போடுவது ஒன்று. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பதைத்தான் சட்டம் அப்படிச் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டு ட்ரேட்மார்க் சட்டப்படி பெயரைப் பதிந்துகொள்வது இன்னொன்று.

"சர்டிஃபிகேட் இருக்கிறவன் ஜெயிப்பான்" என்பது பொதுவான நம்பிக்கை. அது முழு உண்மை இல்லை என்பதற்கு நெல்லையப்பர் கோயில் எதிரிலேயே சாட்சி இருக்கிறது. இருட்டுக்கடை அல்வா. மாலையில் மங்கலான விளக்கில் அல்வா விற்ற கடைக்கு ஊர் வைத்த பெயர் அது. அந்தப் பெயருக்காக நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-இல் முடிந்தது. எதிராளி அதே பெயருக்கு முன்னால் 'திருநெல்வேலி' என்று சேர்த்துப் பயன்படுத்தினார். அவர் கையிலும் பதிவு இருந்தது. இருவருமே பதிந்தவர்கள், ஒருவர்மேல் ஒருவர் எப்படி வழக்குப் போட முடியும் என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவைவிட மேலானது என்று தெளிவாகச் சொல்லி, பழைய கடையின் பக்கம் நின்றது.

வேர்ல்பூல் வழக்கும் அப்படியே. அந்த அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் எடுத்த பதிவு புதுப்பிக்கப்படாமல் 1977-இல் காலாவதியானது. பிறகு இங்கே வேறு சிலர் அதே பெயரைத் தங்கள் பேரில் பதிந்துகொண்டார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் பதிவு வைத்திருந்தவர்களுக்கு எதிரான தடையாணையை உறுதிசெய்தது.

அப்படியென்றால் பதிய வேண்டாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாசிங் ஆஃப் வழக்கில் எல்லாச் சுமையும் உங்கள் தலையில். உங்கள் பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு, எதிராளி செய்தது மக்களைக் குழப்புகிறது, அதனால் உங்களுக்கு நஷ்டம் என்று மூன்றையும் ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். டொயோட்டாவே இதில் தோற்றது. 'பிரியஸ்' காரை 1997-இலேயே ஜப்பானில் விற்றவர்கள், இங்கே 2001 முதல் அதே பெயரில் கார் உதிரிபாகம் விற்ற நிறுவனத்தைத் தடுக்கப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் இந்தியாவில் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்ததாகக் காட்ட முடியவில்லை. 2017-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது.

பதிவு இருந்தால் இந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது. அதே பெயர், அதே சரக்கு என்றால் மக்கள் குழம்புவார்கள் என்று நீதிமன்றமே எடுத்துக்கொள்ளும். இன்னொரு வசதியும் உண்டு, சிறு வியாபாரிக்கு இதுதான் பெரிது: ட்ரேட்மார்க் சட்டத்தின் 134-ஆம் பிரிவுப்படி, பதிந்தவர் தான் தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வெறும் பாசிங் ஆஃப் என்றால் எதிராளி இருக்கும் ஊருக்கோ, தவறு நடந்த ஊருக்கோ போக வேண்டும். பொடி அரைப்பதை நிறுத்திவிட்டு எத்தனை வாய்தாவுக்கு அந்த அக்கா பஸ் ஏறுவார்?

அடுத்து, பெயரைப் பதிவதா, லோகோவைப் பதிவதா? சிறுதொழில் செய்பவருக்கும் தனிநபருக்கும் ஆன்லைனில் ஒரு விண்ணப்பத்துக்கு, ஒரு வகுப்புக்கு (சரக்கையும் சேவையையும் ரகம்வாரியாகப் பிரித்த பிரிவு) அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பெயரை மட்டும் சொல்லாகப் பதியுங்கள் என்பேன். லோகோவாகப் பதிந்தால் உங்கள் உரிமை அந்த முழு உருவத்துக்கு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி உரிமை தானாக வந்துவிடாது. வாழையிலையை எடுத்துவிட்டுத் தாமரையைப் போட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் வாதம் இழுபறியாகும். பெயரைச் சொல்லாகப் பதிந்தால் எந்த எழுத்தில், எந்த நிறத்தில் போட்டாலும் பிடிக்கலாம்.

ஒரு நிபந்தனை: பெயர் பதியத் தகுந்ததாக இருக்க வேண்டும். 'சுவையான இட்லிப்பொடி' என்பது பெயர் இல்லை, வர்ணனை. அப்படிப்பட்ட பெயரை லோகோவுக்குள் வைத்துப் பதிந்தாலும் அந்தச் சொற்களுக்குத் தனி உரிமை கிடைக்காது. பெரிய கம்பெனிக்கும் இதே கதிதான். 'மேஜிக் மசாலா' என்று நூடுல்ஸ் விற்ற ஐ.டி.சி., 'மேஜிக்கல் மசாலா' என்று விற்ற நெஸ்லேமீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. யாரும் பாராட்டிச் சொல்லும் பொதுச்சொல்லை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2020-இல் வழக்கு தள்ளுபடியானது. பெயர் வைக்கும்போதே பொருளோடு ஒட்டாத சொல்லாக, பாட்டி பெயரோ, தெருவின் பழைய பெயரோ வைத்தால் பின்னால் நிம்மதி. இருட்டுக்கடை என்ற சொல்லில் அல்வாவின் ருசி எங்கே இருக்கிறது?

புவிசார் குறியீட்டையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கியது அதுதான். அது ஊருக்கும் அங்கே அதைச் செய்யும் எல்லோருக்கும் சொந்தம். பக்கத்துக் கடைக்காரரிடமிருந்து உங்கள் கடைப்பெயரை அது காக்காது.

வகுப்பைக் கவனியுங்கள். மொத்தம் 45 உண்டு. பொடியும் மசாலாவும் 30-இல் வரும், ஊறுகாய் 29-இல், ஹோட்டல் 43-இல். என்றோ ஹோட்டல் வைப்போம் என்று இன்றே பணம் கட்ட வேண்டாம். பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டால் அதை நீக்கச் சொல்லி யாரும் கேட்கலாம். விண்ணப்பித்த அன்றிலிருந்து பெயரோடு 'டி.எம்.' போடலாம். வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' பதிவு கிடைத்த பிறகுதான், அதற்கு முன்னால் போடுவது சட்டப்படி தவறு. விண்ணப்பம் அரசின் ட்ரேட்மார்க் இதழில் வெளியானபின் நான்கு மாதம் யாரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். பதிவு விண்ணப்பத் தேதியிலிருந்து பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? ஆதாரம் தேட அலுத்துக்கொண்டு 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன்' என்று நிரப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பயன்படுத்தியவருக்கே முதலுரிமை என்று சட்டம் சொல்லும்போது, அந்த உரிமையைத் தன் கையாலேயே குறைத்துக்கொள்வது அது. பின்னால் வழக்கு வந்தால் எதிராளி முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

அக்காவிடம் இதைச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மளிகைக் கடைக்குப் போட்ட கைபில்கள், மாவு மில் ரசீதுகள், அடியில் நான்காய் மடித்த ஒரு அச்சக ரசீது. முதல் 500 கவர் அச்சடித்தது, பெயரோடு, தேதியோடு, 2014. அந்தத் தேதியைக் கட்டத்தில் நிரப்பினோம். ரசீதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, அசலை அதே டின்னில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.