எக்ஸாஸ்ட் இருக்கட்டும், முதலில் டயர்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய நாளிலிருந்து என் ஆசையெல்லாம் எக்ஸாஸ்ட் சத்தத்தின் மேல்தான். ஆனாலும் கையில் இருந்த பணத்தை முதலில் டயரில் போட்டேன்: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, அளவு 205/45 ஆர்17. தேய்ந்துபோன பழைய டயரில், ஈரச் சாலை வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கும், வயிறு கலங்கிவிடும். இப்போது அதே வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி சொன்னபடி கேட்கிறது. பிரேக், திருப்பம், வேகம் மூன்றுமே தரையைத் தொடும் அந்த உள்ளங்கையளவு ரப்பரை நம்பித்தானே இருக்கின்றன! இன்ஜின் சக்தியைக் கூட்டினாலும் அது அந்த ரப்பர் வழியாகத்தான் தரைக்கு இறங்க வேண்டும். ஆனால் ஒன்று, இது கோடைக்கால டயர். 7 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் பிடிப்பு குறையும், பனியில் ஓட்டவே கூடாது.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்தின்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கு 155தான் வரம்பு. ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது கொதித்துவிட்டால் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால் டயரோடு சேர்த்து அதையும் மாற்றிவிட்டேன். சஸ்பென்ஷனை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.